வீட்டுல படிச்ச பிள்ளை பெரிய காலேஜுக்கு அப்ளை பண்ணா, ஃபைலைப் படிக்கிறவங்க எதைத் தேடுறாங்க?

அமெரிக்காவுல செலக்டிவ் காலேஜ்னு சொல்றோமே, நூறு பேர் கேட்டா அஞ்சு பேருக்குக் கூட இடம் கொடுக்காத ஹார்வர்டு, எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டு மாதிரி இடங்கள், அங்க யாரும் பிள்ளையோட மார்க்கை மட்டும் தனியா வச்சுப் பார்க்கிறதில்ல. ஃபைல்ல கூடவே ஸ்கூல் புரொஃபைல்னு ஒண்ணு ரெண்டு பக்கப் பேப்பர் வந்திருக்கும். அந்த ஸ்கூல்ல எத்தனை ஏபி கோர்ஸ் (ஹை ஸ்கூல்லயே எடுக்கிற காலேஜ் தரப் பாடம்) இருக்கு, கிரேடு எப்படிப் போடுறாங்க, முடிச்சவங்க எங்கெங்க போனாங்கன்னு எல்லாம் அதுல இருக்கும். ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு ஆபிசர் இருப்பாங்க, அதே ஸ்கூல்கள்ல இருந்து வருஷா வருஷம் ஃபைல் படிச்சுப் படிச்சு இந்த ஸ்கூல்ல கெமிஸ்ட்ரியில ஏ வாங்குறது கஷ்டம், அந்த ஸ்கூல்ல பாதிப் பேருக்கு ஏ தான்னு அவங்களுக்கே ஒரு கணக்கு இருக்கும்.

வீட்டுல படிச்ச பிள்ளையோட ஃபைல்ல அந்தக் கணக்கு எதுவும் வேலைக்கு ஆகாது. ஸ்கூல் பேரு வீட்டுப் பேரு, கெமிஸ்ட்ரிக்கு ஏ போட்டது அம்மா, ஸ்கூல் ஆலோசகர் பிள்ளையைப் பத்தி எழுத வேண்டிய கவுன்சிலர் லெட்டரை எழுதினது அப்பா, கிளாஸ்ல மொத்தம் ஒரே ஸ்டூடண்ட், அதனால ரேங்க்கும் கிடையாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுங்கிறது ஃபைலைப் படிக்கிறவங்களுக்கும் தெரியும்ல. அவங்க பெத்தவங்களை சந்தேகப்படுறாங்கன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, அந்த ஏ-க்கு என்ன எடைன்னு சொல்ல அவங்க கையில தராசு இல்ல, அவ்வளவுதான். ஹோம்ஸ்கூல் அப்ளிகேஷன்ல இருக்கிற வேலையில முக்கால்வாசி அந்தத் தராசை செஞ்சு கொடுக்கிறதுதான்னு நான் நினைக்கிறேன். பிள்ளை எவ்வளவு வித்தியாசமானவன்னு காட்டுறதெல்லாம் அதுக்கு அப்புறம்.

இதைப் பத்திப் பேசுறவங்க ரெண்டு கட்சியா இருப்பாங்க. பெரிய காலேஜ் எல்லாம் ஹோம்ஸ்கூல் பசங்களை சீண்டவே சீண்டாதுன்னு ஒரு கட்சி, அவங்களுக்காக வாசல்லயே காத்துக்கிட்டு இருக்குன்னு இன்னொரு கட்சி. ரெண்டாவது கட்சிக்கு ஒரு பழைய கதை இருக்கு. வட கலிஃபோர்னியாவுல பூன்வில்ங்கிற ஊர்ப்பக்கம் மலைக்காட்டு நிலத்துல குடும்பத்தோட ஆடு வளர்த்துக்கிட்டு, ஸ்கூலுக்குப் போகாம வளர்ந்த கிராண்ட் கோல்ஃபாக்ஸ் 1983-ல ஹார்வர்டுல சேர்ந்தார். அது நாடு முழுக்க நியூஸ் ஆச்சு, ஆடு மேய்ச்ச பையன் ஹார்வர்டுலன்னு. தம்பிங்க ரெண்டு பேரும் பின்னாடியே அங்க போனாங்க. கிராண்ட் அப்புறம் டாக்டராகி, வெள்ளை மாளிகையோட எய்ட்ஸ் கொள்கை ஆபீஸுக்கும் சான் ஃபிரான்சிஸ்கோ பொது சுகாதாரத் துறைக்கும் தலைவரா இருந்தவர். இந்தக் கதையில இருந்து நிறைய பேர் எடுத்துக்கிட்ட பாடம், ஆடு மாதிரி ஏதாவது ஒண்ணு வேணும்ங்கிறது. ஆனா அந்தக் காலத்துல ஹோம்ஸ்கூல் பண்றவங்களே ரொம்பக் கம்மி, பல மாநிலத்துல அது சட்டப்படி சரியான்னே கேஸ் ஓடிக்கிட்டிருந்துச்சு, 50 மாநிலத்துலயும் சட்டப்படி செல்லும்னு ஆனதே 1993 வாக்குலதான். அப்போ அந்த மாதிரி ஒரு ஃபைல் வந்தா ஆபிசர் நிமிர்ந்து உட்கார்ந்து படிச்சிருப்பாங்க.

இப்போ நிலைமை வேற. மத்தியக் கல்விப் புள்ளிவிவர மையம் 1999-ல எடுத்த கணக்குல வீட்டுல படிக்கிற பசங்க சுமார் 8.5 லட்சம், 2016-ல சுமார் 17 லட்சம். கோவிட் வந்த 2020-ல சென்சஸ் பீரோ சர்வே எடுத்தப்போ, பள்ளி வயசுப் பிள்ளைங்க இருக்கிற வீடுகள்ல ஹோம்ஸ்கூல் பண்றவங்க வசந்த காலத்துல 5.4 சதவீதம், அதே வருஷம் இலையுதிர் காலத்துல 11.1 சதவீதம். எல்லாரும் அப்படியே தொடரலதான், ஆனா இனிமே ஹோம்ஸ்கூல்ங்கிற ஒரே காரணத்துக்காக யாரும் நிமிர்ந்து உட்கார மாட்டாங்க. ஹார்வர்டு தன்னோட அட்மிஷன் பக்கத்துலயே தனி வழிமுறை எதுவும் இல்ல, மத்தவங்க மாதிரியேதான் பார்ப்போம், பின்னணி பத்தி எவ்வளவு தகவல் கொடுத்தாலும் நல்லதுன்னு சொல்லிடுது. முதல் கட்சி சொல்றதும் தப்புதான். பிரின்ஸ்டன்ல 2002-ல வகுப்புலயே முதல் மாணவியா வந்த லில்லியன் பியர்ஸ் வீட்டுல படிச்சவங்க, இப்போ டியூக் யுனிவர்சிட்டியில கணக்குப் பேராசிரியர். கதவு திறந்துதான் இருக்கு, ஆனா எல்லாருக்கும் திறக்கிற அளவுதான் உங்களுக்கும்.

சரி, தராசு செய்யிற வேலைக்கு வருவோம். முதல்ல பேப்பர் வேலை, இதை யாரும் உங்களுக்காக செய்ய மாட்டாங்க. ஒரே அப்ளிகேஷனை பல காலேஜுக்கு அனுப்புற, ஆயிரத்துக்கும் மேல காலேஜ் சேர்ந்திருக்கிற காமன் ஆப்-ல ஒரு பிள்ளை தன்னை ஹோம்ஸ்கூல்னு போட்டுட்டா, ஸ்கூல் கவுன்சிலர் செய்ய வேண்டிய அத்தனையும் பெத்தவங்க தலையில வந்து விழும். கவுன்சிலரா உங்க பேரையும் மெயிலையும் பிள்ளை கொடுக்கணும், அப்புறம் உங்களுக்கு கவுன்சிலர்னே தனி அக்கவுண்ட் வரும். ஸ்கூல் ரிப்போர்ட், கவுன்சிலர் லெட்டர், டிரான்ஸ்கிரிப்ட் (பாடமும் கிரேடும் போட்ட பட்டியல்), நடு வருஷத்துல மிட்-இயர் ரிப்போர்ட், கடைசியில ஃபைனல் ரிப்போர்ட் எல்லாம் நீங்கதான் அப்லோட் பண்ணணும். ஏன் ஹோம்ஸ்கூல் பண்ணீங்க, கிரேடு எப்படிப் போட்டீங்கன்னு கேக்குறதுக்கு அதுல தனிப் பகுதியே இருக்கு. இதுல ஒரு வேடிக்கை, லெட்டரை நான் பார்க்க மாட்டேன்னு பிள்ளை ஒரு உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்வாங்க, ஆனா லெட்டரை எழுதுறது அடுத்த ரூம்ல உட்கார்ந்திருக்கிற அம்மா. ஆனாலும் போட்டுடுறது நல்லது, மத்த டீச்சர்ங்க எழுதுற லெட்டருக்கும் சேர்த்துதான் அது. காலேஜ் அட்மிஷனுக்கான எஸ்ஏடி பரீட்சைக்குப் பதியும்போது ஹை ஸ்கூல் கோடு கேப்பாங்க, ஹோம்ஸ்கூலுக்குன்னு 970000-னு ஒரு பொதுக் கோடு இருக்கு, அதைப் போட்டா போதும்.

டிரான்ஸ்கிரிப்ட்னா பலர் பயப்படுறாங்க, உண்மையில அது ஒரே பக்கம். வருஷ வாரியா கோர்ஸ் பேரு, எங்க படிச்சது, கிரேடு, கிரெடிட், அடியில கையெழுத்து. ஒரு வருஷப் பாடத்துக்கு ஒரு கிரெடிட், அதுக்கு சுமார் 120 மணி நேரம்ங்கிறது கார்னகி யூனிட்னு 1906-ல இருந்தே வர்ற வழக்கம், மணிக்கணக்கை ஸ்டாப்வாட்ச் வச்சு எழுதணும்னு இல்ல, ஒரு முழுப் புத்தகத்தை முடிச்சாங்களாங்கிறதைப் பார்த்தாலே போதும். எங்க படிச்சதுங்கிற கட்டத்தை மட்டும் விட்டுடாதீங்க. அல்ஜீப்ரா வீட்டுல, கால்குலஸ் கம்யூனிட்டி காலேஜ்ங்கிற உள்ளூர் ரெண்டு வருஷக் காலேஜ்ல, ஏபி பயாலஜி ஆன்லைன்லன்னு அதுல தெரிஞ்சாதான் எந்த கிரேடு யாரு போட்டதுன்னு படிக்கிறவங்களுக்குப் புரியும். எல்லாமே வீடு, எல்லாமே ஏ-ன்னு இருந்தா அந்தப் பக்கத்துல தகவலே இல்லைன்னு அர்த்தம். சில வீடுகள்ல கிரேடே போட மாட்டாங்க, பிள்ளை இஷ்டத்துக்குப் படிக்கட்டும்னு விட்டவங்க, அவங்க கடைசி நேரத்துல உட்கார்ந்து கிரேடு கண்டுபிடிக்கிறதை விட, நாங்க கிரேடு போடல, இதுதான் செஞ்சான்னு விவரமா எழுதிட்டு அதுக்கு ஈடா வெளி ஆதாரத்தை ரெண்டு மடங்கா வைக்கிறது நேர்மையா இருக்கும்.

இதுக்கு மேல கோர்ஸ் டிஸ்கிரிப்ஷன்னு ஒண்ணு, இதுதான் பத்துப் பதினஞ்சு பக்கம் போகும். ஒவ்வொரு கோர்ஸுக்கும் ஒரு பாரா: என்ன புத்தகம், எவ்வளவு எழுத்து வேலை, லேப் என்ன, யாரு சொல்லிக்கொடுத்தாங்க, எப்படி மதிப்பிட்டீங்க. இங்க பாஷை சாதாரணமா இருந்தா நல்லது, உலக இலக்கியத்தின் ஆழங்களைத் தேடினோம்னு எல்லாம் எழுதாம, படிச்ச எட்டுப் புத்தகத்தோட பேரைப் போட்டு மாசம் ஒரு கட்டுரை எழுதினான்னு போட்டா அதுவே பேசும். நாலு வருஷம் கழிச்சு உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்புல என்ன புத்தகம் படிச்சான்னு யோசிச்சா ஒண்ணும் ஞாபகம் வராது, அதனால ஒவ்வொரு கோர்ஸ் முடியும்போதே அந்தப் பாராவை எழுதி வச்சிடணும்.

கவுன்சிலர் லெட்டர்ல பெரும்பாலான பெத்தவங்க தடுக்கி விழுறது பாசத்துலதான். அறிவாளி, அன்பானவன், கடின உழைப்பாளி, இதெல்லாம் எல்லா அம்மாவும் எழுதுறதுதான், படிக்கிறவங்க கண்ணு அதைத் தாண்டிப் போயிடும். ஸ்கூல் கவுன்சிலர் செய்யாத ஒரு வேலையை நீங்க செய்ய முடியும்: ஏன் ஸ்கூலை விட்டீங்க, எந்தப் பாடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தீங்க, எந்த வருஷம் எதை மாத்தினீங்க, பக்கத்துல என்ன வசதி இருந்துச்சு, என்ன இல்ல, இதை எல்லாம் எழுதலாம். அறுபது மைல் சுத்துவட்டாரத்துல காலேஜே இல்லாத ஊர்ல இருந்தா அதை அவங்க தெரிஞ்சுக்கணும், ஏன்னா ஸ்கூல்ல படிக்கிற பிள்ளையை அவன் ஸ்கூல்ல என்ன கிடைச்சுதோ அதை வச்சு அளக்கிற மாதிரிதான் உங்க பிள்ளையையும் அளப்பாங்க. உடம்பு சரியில்லாம ஸ்கூலை விட்டிருந்தாலும், ஒரு கட்டத்துல ஒத்துவராம விட்டிருந்தாலும், ஸ்கூலைத் திட்டாம நாலு வரியில சொல்லிடலாம்.

அடுத்தது டெஸ்ட். ஹோம்ஸ்கூல் பண்றவங்களுக்கு டெஸ்ட்டுன்னாலே கசப்பு, அதுல இருந்து தப்பிக்கத்தானே பலர் வீட்டுக்கே வந்தாங்க, ஆனா இந்த ஒரு இடத்துல டெஸ்ட்தான் அவங்களுக்குப் பெரிய நண்பன். எஸ்ஏடி சப்ஜெக்ட் டெஸ்ட்னு முன்னாடி ஒண்ணு இருந்துச்சு, கெமிஸ்ட்ரி, ஹிஸ்டரி, கணக்குன்னு தனித்தனியா ஒரு மணி நேரப் பரீட்சை, அம்மா போட்ட ஏ உண்மையான ஏ தானான்னு காட்ட அதை விட லேசான வழி கிடையாது, சில காலேஜ் ஹோம்ஸ்கூல் பசங்ககிட்ட அதைத் தனியாவே கேட்டுச்சு. எஸ்ஏடி, ஏபி பரீட்சைகளை நடத்துற காலேஜ் போர்டு 2021 ஜனவரியில அதை நிறுத்திடுச்சு. அதே சமயத்துல கோவிட்டால எஸ்ஏடி, அதே மாதிரி இன்னொரு பரீட்சையான ஏசிடி ரெண்டும் வேணும்னா கொடு வேணாம்னா விடுன்னு ஆச்சு. ஸ்கூல் பிள்ளைங்களுக்கு அது சலுகை, டெஸ்ட் இல்லாட்டியும் அவங்க ஃபைல்ல ஸ்கூல் இருக்கு. வீட்டுப் பிள்ளைங்களுக்கு ஒரே சமயத்துல ரெண்டு தூணும் போச்சு.

அப்புறம் காத்து திரும்பிச்சு. எம்ஐடி 2022 மார்ச்ல டெஸ்ட் கட்டாயம்னு திரும்பக் கொண்டுவந்துச்சு. 2024-ல டார்ட்மவுத், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக் எல்லாம் வரிசையா அதே வழிக்கு வந்தாங்க, யேல் மட்டும் எஸ்ஏடி, ஏசிடி, ஏபி, ஐபி (சர்வதேசப் பாடத்திட்டப் பரீட்சை) நாலுல ஏதாவது ஒரு வகை கொடுங்கன்னு சொல்லிச்சு. கொலம்பியா 2023-லயே இனி எப்பவும் டெஸ்ட் விருப்பம்தான்னு அறிவிச்சாங்க. விதிகள் வருஷா வருஷம் மாறுது, அப்ளை பண்ற வருஷத்து விதியை அந்தந்த காலேஜ் பக்கத்துலயே பார்த்துக்கணும். ஆனா டெஸ்ட் விருப்பம்னு இருக்கிற இடத்துலயும் வீட்டுல படிச்ச பிள்ளை நல்ல ஸ்கோரை அனுப்பாம விடுறது எனக்கு சரியாப் படல, சில இடங்கள் பொதுவா விருப்பம்னு சொல்லிட்டு ஹோம்ஸ்கூல் பசங்களுக்கு மட்டும் ஸ்கோர் வேணும்னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க.

கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி இதுக்கெல்லாம் எதிர்ப்பக்கம். 2021-ல வந்த கோர்ட் சமரசத்துக்கு அப்புறம் அட்மிஷனுக்கு எஸ்ஏடி, ஏசிடி ஸ்கோரைப் பார்க்கிறதே இல்ல, அனுப்பினாலும் யாருக்கு இடம்னு முடிவு பண்ண அதை எடுத்துக்க மாட்டாங்க. அங்க கேக்குறது ஏ-ஜின்னு சொல்ற 15 கோர்ஸ், அதுவும் அவங்க ஒப்புதல் கொடுத்த பட்டியல்ல இருக்கிறது. வீட்டுல அம்மா நடத்தின பயாலஜி அந்தப் பட்டியல்ல இருக்காது. அதனால அந்த ஊர்ல ஹோம்ஸ்கூல் பண்றவங்க பெரும்பாலும் கம்யூனிட்டி காலேஜ் பக்கம் போறாங்க, மூணு யூனிட் உள்ள ஒரு செமஸ்டர் காலேஜ் கோர்ஸை ஹை ஸ்கூலோட ஒரு முழு வருஷத்துக்குச் சமமா எடுத்துக்கிறாங்க. இன்னும் சிலர் ரெண்டு வருஷம் கம்யூனிட்டி காலேஜ்லயே படிச்சுட்டு டிரான்ஸ்ஃபரா உள்ள போறாங்க. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ்னு ஆறு கேம்பஸ்ல, சொன்ன கோர்ஸை சொன்ன மார்க்கோட முடிச்சா இடம் நிச்சயம்னே ஒரு ஒப்பந்தம் இருக்கு. பெர்க்லியும் யுசிஎல்ஏ-வும் அதுல இல்ல, ஆனா அங்கயும் டிரான்ஸ்ஃபர் வழி இருக்கு. இந்த வழியில போறவங்க டிரான்ஸ்கிரிப்ட், கவுன்சிலர் லெட்டர்னு மேல சொன்ன தலைவலி பாதியை மறந்துடலாம்.

ஏபி பத்தி தனியா சொல்லணும், சப்ஜெக்ட் டெஸ்ட் போன அப்புறம் அந்த இடத்தைப் பிடிச்சது அதுதான். கோர்ஸ் எடுக்காமயே பரீட்சை மட்டும் எழுதலாம், வீட்டுல தானா படிச்சு அஞ்சுக்கு அஞ்சு வாங்கினா அதுக்கு மேல யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. சிக்கல் வேற இடத்துல, பரீட்சை நடக்கிறது ஸ்கூல்கள்ல, வெளிப் பிள்ளையை சேர்த்துக்கணும்னு எல்லா ஸ்கூலுக்கும் கட்டாயம் இல்ல. பரீட்சை மே மாசம், ஆனா ஸ்கூல் ஆர்டர் கொடுக்க வேண்டியது முந்தின நவம்பர் நடுவுலயே முடிஞ்சிடும், அதனால ஆகஸ்ட், செப்டம்பர்லயே போனைத் தூக்கி ஸ்கூல் ஸ்கூலா கேக்கணும், மார்ச்ல கேட்டா வேலைக்கு ஆகாது. பதினொண்ணாம் வகுப்புல எஸ்ஏடிக்கு முன்னோட்டமா எழுதுற பிஎஸ்ஏடிக்கும் இதே கதை, அது அக்டோபர்ல, நேஷனல் மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கு வாசல் அது, பக்கத்து ஸ்கூல்ல சொல்லி வைக்காட்டி போச்சு. இன்னொண்ணு, டிரான்ஸ்கிரிப்ட்ல கோர்ஸ் பேருக்கு முன்னாடி ஏபி-ன்னு போடணும்னா சிலபஸை காலேஜ் போர்டுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கணும், ஹோம்ஸ்கூல் பெத்தவங்களும் அனுப்பலாம், இல்லைன்னா ஒப்புதல் உள்ள ஆன்லைன் வகுப்புல சேரலாம். ரெண்டும் வேணாம்னா சும்மா உயர்நிலை பயாலஜின்னு எழுதிட்டு, பக்கத்துல ஏபி பரீட்சை ஸ்கோரைப் போட்டா யாரும் குறை சொல்ல மாட்டாங்க.

டூயல் என்ரோல்மென்ட், அதாவது ஹை ஸ்கூல் வயசுலயே காலேஜ் கோர்ஸ் எடுக்கிறது, என் கணக்குல எல்லாத்தையும் விட கெட்டியான சாட்சி இதுதான். மின்னசோட்டாவுல 1985-ல இருந்து பிஎஸ்இஓ-ன்னு, வாஷிங்டன் மாநிலத்துல ரன்னிங் ஸ்டார்ட்னு, ஒஹையோவுல காலேஜ் கிரெடிட் பிளஸ்னு மாநிலத்துக்கு ஒரு பேரு, ஃபுளோரிடாவுலயும் ஹோம்ஸ்கூல் பசங்களுக்கு டியூஷன் ஃபீஸ் இல்லாம வழி இருக்கு. ஒரே கோர்ஸ்ல மூணு காரியம் நடக்கும், பிள்ளையை முன்ன பின்ன தெரியாத ஒரு புரொபசர் கிரேடு போடுறார், வீட்டுல வைக்க முடியாத லேப் கிடைக்குது, ரெக்கமெண்டேஷன் லெட்டர் எழுத ஒரு ஆளும் கிடைக்கிறார். ஆனா கவனம் வேணும். அந்த கிரேடு பிள்ளையோட நிரந்தர காலேஜ் ரெக்கார்டு, பதினஞ்சு வயசுல எடுத்த சி பின்னாடி மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்ணும்போதும் கூடவே வரும், அங்க எடுத்த எல்லா காலேஜ் கோர்ஸையும் காட்டச் சொல்வாங்க. அதனால ஆசைக்கு ஒரேயடியா நாலு கோர்ஸ்ல தள்ளாம ஒண்ணுல ஆரம்பிக்கலாம். ஹை ஸ்கூல் முடியுறதுக்கு முன்னாடி எடுத்த கிரெடிட் எவ்வளவு இருந்தாலும் பெரும்பாலான இடங்கள்ல பிள்ளை ஃபிரெஷ்மேன் (முதல் வருஷத்துல சேர்ற புது ஸ்டூடண்ட்) தான், ஆனா முடிச்சுட்டோம்னு டிப்ளமா கொடுத்ததுக்கு அப்புறம் காலேஜ் கோர்ஸ் எடுத்தா டிரான்ஸ்ஃபர் ஸ்டூடண்ட்னு ஆக்கிடுவாங்க. பல செலக்டிவ் காலேஜ்ல டிரான்ஸ்ஃபர் இடம் ரொம்பக் கம்மி, உதவித்தொகையும் மாறும். இந்தத் தேதி விஷயத்துல அவசரப்பட்டு டிப்ளமா கொடுத்துடாதீங்க.

டீச்சர் லெட்டர்ல அம்மா அப்பா எழுதினது செல்லாது, கவுன்சிலர் லெட்டரோட உங்க பங்கு முடிஞ்சது. எம்ஐடி மாதிரி இடம், அதுக்கு காமன் ஆப் கிடையாது, சொந்த அப்ளிகேஷன், கணக்கு அல்லது சயன்ஸ் டீச்சர் ஒருத்தர், இலக்கியம், சமூக அறிவியல், மொழி மாதிரிப் பாடத்துல இருந்து ஒருத்தர்னு ரெண்டு பேரைக் கேக்குது. இங்கதான் நம்ம வீடுகள்ல ஓட்டை விழும், கணக்குக்கும் கோடிங்குக்கும் வெளியில கோச் இருப்பாங்க, இங்கிலீஷும் ஹிஸ்டரியும் வீட்டுக்குள்ளயே முடிஞ்சிருக்கும். பத்தாம் வகுப்பு, பதினொண்ணாம் வகுப்புல ஒரு வருஷமாவது எழுத்து வேலை அதிகம் இருக்கிற ஒரு வகுப்பை வெளியில போட்டா, பிள்ளை எப்படி வாதாடுறான், தப்பைச் சொன்னா எப்படித் திருத்துறான்னு எழுத ஒருத்தர் இருப்பாங்க. சின்ன வகுப்பா, பேச இடம் கொடுக்கிற வகுப்பா இருக்கணும், முந்நூறு பேர் கேக்குற ரெக்கார்டட் வீடியோ கோர்ஸ் டீச்சருக்கு உங்க பிள்ளை பேரே தெரியாது.

தமிழ் பத்தியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டு மொழி ரெண்டு வருஷமாவது, முடிஞ்சா மூணு நாலு வருஷம் வேணும்னு செலக்டிவ் காலேஜ் நிறைய எதிர்பார்க்குது. வீட்டுல தமிழ் பேசுறோம்னு டிரான்ஸ்கிரிப்ட்ல எழுதினா மட்டும் அது கோர்ஸ் ஆகிடாது, எழுதப் படிக்கத் தெரியுமாங்கிறதுதான் கேள்வி. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில வருஷக்கணக்கா படிச்சிருந்தா அந்த டீச்சர் கொடுத்த கிரேடும் பாடத்திட்டமும் வெளிச் சாட்சிதான், மொழித்திறன் அளக்கிற வெளித் தேர்வுகள்ல தமிழுக்கும் இருக்கு, அதுல ஒண்ணு எழுதி வச்சுக்கிட்டா கேள்விக்கே இடமில்ல.

ஆக்டிவிட்டி, கட்டுரை ரெண்டையும் பத்தி ஊரே எழுதித் தள்ளுது, நான் கொஞ்சமா சொல்லிட்டுப் போறேன். காமன் ஆப்-ல பத்து ஆக்டிவிட்டிக்குத்தான் இடம், கட்டுரை 650 வார்த்தை. வீட்டுல படிக்கிற பிள்ளைக்குப் பகல் நேரம் கையில இருக்குங்கிறது அவங்களுக்கும் தெரியும், அந்த நேரத்தை வச்சு என்ன செஞ்சான்னு பார்ப்பாங்க, மத்தவங்களோட சேர்ந்து செஞ்ச வேலை ஒண்ணாவது இருந்தா பழகத் தெரியுமாங்கிற அந்தப் பழைய கேள்வி எழாது. கட்டுரையை நான் ஏன் ஹோம்ஸ்கூல்னு எழுதுறது வீண், அதை அம்மா தன் லெட்டர்ல ஏற்கனவே சொல்லிட்டாங்க, பிள்ளை தன்னைப் பத்திச் சொல்லட்டும்.

சட்டப் பக்கம் மாநிலத்துக்கு மாநிலம் வேற. டெக்சஸ்ல யார்கிட்டயும் சொல்லணும்னு கூட இல்ல, நியூயார்க்ல வருஷா வருஷம் பாடத்திட்டம் கொடுத்து வருஷத்துக்கு நாலு தடவை ரிப்போர்ட் அனுப்பணும், கடைசியில உள்ளூர் ஸ்கூல்களுக்குத் தலைமை அதிகாரியான சூப்பரின்டென்டென்ட்கிட்ட இருந்து ஹை ஸ்கூலுக்குச் சமமா படிச்சிருக்கான்னு ஒரு லெட்டர் வாங்கி வச்சுக்கிறதும் நல்லது. பென்சில்வேனியாவுல பெத்தவங்க கொடுக்கிற டிப்ளமாவுல மதிப்பீட்டாளரும் கையெழுத்துப் போட்டிருந்தா அது செல்லும்னு 2014-ல சட்டமே வந்துச்சு. ஹை ஸ்கூல் டிப்ளமாவுக்கு ஈடான ஜிஇடி பரீட்சை எழுதணுமான்னு எல்லாரும் கேப்பாங்க, செலக்டிவ் காலேஜ் பெரும்பாலும் அதைக் கேக்குறதே இல்ல. மத்திய அரசு உதவித்தொகைக்கும் தேவையில்ல, 1998-ல உயர்கல்விச் சட்டத்தைத் திருத்தினப்போ மாநில சட்டப்படி ஹோம்ஸ்கூல் முடிச்சவங்களுக்குத் தகுதி உண்டுன்னு ஆக்கிட்டாங்க, அந்த உதவித்தொகைக்கு நிரப்புற எஃப்ஏஎஃப்எஸ்ஏ படிவத்துல ஹோம்ஸ்கூல்னு தனியா ஒரு கட்டமே இருக்கு. காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் ஆடப்போற பிள்ளைன்னா காலேஜ் விளையாட்டுக்கான அமைப்பு என்சிஏஏ தனி உலகம், 16 கோர் கோர்ஸுக்கும் ஒவ்வொண்ணா படிவம் நிரப்பச் சொல்வாங்க, ஒன்பதாம் வகுப்புலயே ஆரம்பிச்சிடுங்க.

அமெரிக்காவுக்கு வெளியில இருந்து அப்ளை பண்றவங்களுக்கும் லாஜிக் இதேதான். 2016-ல மும்பையில இருந்து பன்னெண்டாம் வகுப்பு சர்டிபிகேட்டே இல்லாத ஒரு பெண் எம்ஐடிக்குப் போனது இந்தியாவுல பெரிய செய்தியாச்சு, பலரும் மார்க்ஷீட் இல்லாமயே போயிட்டான்னு எழுதினாங்க. ஆனா அந்தப் பெண் கையில சர்வதேச புரோகிராமிங் ஒலிம்பியாட்ல வாங்கின மூணு மெடல் இருந்துச்சு, சர்டிபிகேட் இல்லாட்டியும் உலகமே ஒத்துக்கிற சாட்சி இருந்துச்சு. மெடல் எல்லாருக்கும் வராது, அதனாலதான் மத்தவங்களுக்கு ஏபி ஸ்கோரும் கம்யூனிட்டி காலேஜ் கிரேடும்.

கடைசியா காலண்டர். எர்லி அப்ளிகேஷனுக்கு நவம்பர் 1 இல்லைன்னா 15, ரெகுலருக்குப் பெரும்பாலும் ஜனவரி முதல் வாரம், இது பிள்ளையோட கெடு. கவுன்சிலரா உங்க கெடு அதோட முடியாது. பிள்ளை சப்மிட் பட்டனை அழுத்தினதும் வீடே நிம்மதியாகி தூங்கிடும், பிப்ரவரியில மிட்-இயர் ரிப்போர்ட் அனுப்பணும்ங்கிறது மறந்து போயிடும், ஸ்கூல்ல இருந்தா அதுக்கு ஆபீஸ் இருக்கு, இங்க ஆபீஸ் நீங்கதான். அக்டோபருக்கு அப்புறம் முடிஞ்ச காலேஜ் கோர்ஸ் கிரேடு, புதுசா வந்த டெஸ்ட் ஸ்கோர் எல்லாம் அதுல சேர்த்துப் புது டிரான்ஸ்கிரிப்ட்டா அனுப்புங்க. இடம் கிடைச்சு பிள்ளை எங்கன்னு முடிவு பண்ணின அப்புறமும் ஜூன்ல முடிச்ச தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, ஃபைனல் டிரான்ஸ்கிரிப்ட் ஒண்ணு போகணும், கம்யூனிட்டி காலேஜ்ல படிச்சிருந்தா அங்க இருந்து அவங்க டிரான்ஸ்கிரிப்ட்டும் நேரா போகணும், அது வந்து சேர்ந்துச்சான்னு அட்மிஷன் போர்ட்டல்ல ஒரு தடவை பார்த்துக்கோங்க.